சாவிக் கட்டை

மார்ச் 3, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காலைக் கூட்டத்தில் மாவட்ட அலுவலர் இளமாறன் சார் புதிய அரசாணையை வாசித்தார். அரசு அலுவலகங்கள் மின்சாரம், தண்ணீர், காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் குறைக்க வேண்டுமாம். வாங்குகிற சாமான்கூட மண்ணைக் கெடுக்காததாக இருக்க வேண்டுமாம். ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் நாளில், மாவட்டத்திலேயே சிறந்த பசுமை அலுவலகத்துக்குக் கேடயம். "ஆளில்லாத அறையில் சுற்றுகிற ஃபேனை நிறுத்தினாலே பாதி குறையும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தேன். சார் காதில் விழுந்துவிட்டது. பசுமைப் பொறுப்பாளர் என்ற பட்டத்தை அங்கேயே என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு இது பெரிய காரியமா? கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அடுத்த ஜனவரியில் ஓய்வு. போகிறபோது ஒரு கேடயத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் நன்றாகத்தான் இருக்கும்.

மத்தியானம் சாப்பிடும்போது ஞானசெல்வியிடம் சொன்னேன். இரண்டாம் மாடியில் உதவியாளர். நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் டிபன் டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் திறந்திருக்கின்றன. அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார்க்க வேண்டும். "ஏட்டி செண்பகம், உனக்குன்னே போட்ட ஆர்டருல்லா இது. குளிக்கிற சோப்பு தேஞ்சா புது சோப்புல ஒட்டவைக்கிறவ நீ." இருந்தால் என்ன, தப்பா?

மார்ச் 7, வெள்ளி

குழல் விளக்கெல்லாம் கழற்றி எல்.இ.டி. மாட்டியாயிற்று. ஏ.சி. இருபத்தாறுக்குக் கீழே இறங்கக் கூடாது. சார் அறையில் மட்டும் அது எப்படியோ தானாக இறங்கிவிடுகிறது, நான் கண்டுகொள்வதில்லை. ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பதில் துணிப் பேனர். கூட்டங்களில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கிடையாது. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் வாங்கக் கோப்பு போட்டுவிட்டேன். வருகிற விருந்தாளிக்குப் பொன்னாடைக்குப் பதில் செடி. பொன்னாடையாவது மடித்து வைக்கலாம். செடிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது என்று வாட்ச்மேன் சுடலைமுத்து கேட்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

குறைக்க இனித் தண்ணீர்தான் மிச்சம். தினம் ஒரு லாரி வாங்குகிறோம். மத்தியானத்துக்குள் மாடித் தொட்டி காலி. ஏறிப் பார்த்தேன். முதல் மாடி, இரண்டாம் மாடிக் கழிவறைகளில் ஃப்ளஷ் தொட்டி எல்லாம் சொட்டுகிறது, ஓயாமல். பழுதுபார்க்கக் கேட்டு அனுப்பிய மதிப்பீடு பொதுப்பணித் துறையில் இரண்டு வருஷமாகத் தூங்குகிறது. நான் இனிமேல் எழுப்ப முடியாது. இரண்டு மாடியையும் பூட்டிவிட்டேன், ஆண்கள் பெண்கள் இரண்டு பக்கமும்.

கீழ்த்தளம் போதும். அதிலும் பெண்கள் கழிவறையை மனு கொடுக்க வருகிறவர்கள் உபயோகித்துவிட்டுக் குழாயைத் திறந்துபோட்டுப் போகிறார்கள். அதையும் பூட்டி, சாவியை என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் போகலாம். போன வருஷம் ஸ்டோர் ரூம் சாவி தொலைந்து பூட்டை உடைத்த கதை ஞாபகம் வந்தது. சுடலைமுத்து ஒரு கட்டையைச் சீவி சாவியோடு கோத்துக் கொடுத்தார். முழங்கை நீளம் இருக்கும். பசுமைத் திட்டம்தானே என்று பச்சைப் பெயிண்டில் 'மகளிர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டார். இனி தொலைந்தால் பார்க்கலாம்.

சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல யோசனை என்றார்.

மார்ச் 20, வியாழன்

முதல் இரண்டு மூன்று நாள் பெண்கள் இறங்கி வந்து சாவி கேட்டார்கள். கீழ்த்தளம் பெரிய கூடம், என்னைத் தவிர முழுக்க ஆண்கள். அதன் நடுவாக நடந்து என் மேஜைக்கு வர வேண்டும், திரும்ப நடந்து போக வேண்டும். செவ்வாய்க்கிழமை புது தட்டச்சர் இசக்கிபிரியா கட்டையை எடுத்துக்கொண்டு போகையில் கணக்குப் பிரிவு தனபால், "என்னம்மா, கட்டையோட கிளம்பியாச்சா?" என்றார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகத்தில் சின்னக் கேலிகூட இல்லாவிட்டால் எப்படிப் பொழுது போகும்?

அதற்கப்புறம் சாவி கேட்டு வருவது குறைந்துவிட்டது. எல்லாம் பழக்கம்தான். மனிதர்களைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தால் தேவை தானாகக் குறையும்.

எனக்குக் கவலையில்லை. ஆணி என் முதுகுக்குப் பின்னால்.

மார்ச் 28, வெள்ளி

லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆகிவிட்டது. சார் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொன்னார்.

ஸ்டீல் பாட்டில்கள் வந்துவிட்டன. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியது, நல்ல கனம். சாயங்காலம் மின்விசிறிகளைச் சோதிக்க மாடிக்குப் போனபோது ஞானசெல்வியின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், வாய்வரை தண்ணீர். புதுச் சேலையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவள் அவள். பாட்டிலையும் காட்சிக்கு வைத்திருக்கிறாள் என்று கேலி செய்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

முட்டிவலி என்று ஞானசெல்வி கீழே சாப்பிட வருவதில்லை. நான்தான் மேலே போகிறேன். வெயில் காலத்தில் இருவருக்கும் மோர் கொண்டுவருவது என் வழக்கம், இத்தனை வருஷமாக. இன்று டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டாள். வயிற்றுக்குச் சேரவில்லையாம். புளிக்காத மோர், பெருங்காயம் போட்டது, யாருக்குச் சேராது? இரண்டையும் நானே குடித்தேன். சோற்றுக்கு ரசம்கூட ஊற்றிக்கொள்ளவில்லை அவள். கத்தரிக்காய்ப் பொரியலை வைத்துக்கொண்டு வறட்டு வறட்டென்று விழுங்கினாள்.

ஏப்ரல் 9, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்று வர வேண்டிய லாரியை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

துப்புரவுப் பணியாளர் முப்பிடாதி வந்து, லேடீஸ் ரூம் தரை காய்ந்தே கிடக்கிறது, கழுவுவதற்கே வேலையில்லை என்றாள். குறை சொல்கிறாளா, சந்தோஷப்படுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. நான் அதையே மாத அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டேன்.

இசக்கிபிரியா மறுபடியும் அரை நாள் விடுப்பு. போன மாதமும் இதே தேதிவாக்கில் இரண்டு நாள் மத்தியானமே வீட்டுக்கு ஓடினாள். கேட்டால் வயிற்றுவலி என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பே இல்லை. நாங்கள் எல்லாம் எப்படி வேலை பார்த்தோம் என்று கொஞ்சம் எடுத்துச் சொன்னேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று ஞானசெல்வியோடு மனஸ்தாபம். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "எங்க மாடியத் தொறந்து விடேன் செண்பகம்." ஜூன் ஐந்து முடியட்டும் என்றேன். அங்கே தொட்டி ஒழுகுகிறது, திறந்தால் இவ்வளவு பாடுபட்டுக் குறைத்ததெல்லாம் வீண். "கீழதான் சாவி இருக்குல்லா? உனக்கு வேணும்னா வந்து கேளு. நான் என்ன இல்லன்னா சொன்னேன்?" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டேன்.

"நான் சுகர்காரிட்டி," என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் தனபால் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். டப்பாவையும் மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சிநேகிதி என்பதற்காக அவளுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று வைக்க முடியுமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? அவளுக்கு இது புரிய வேண்டும்.

மே 6, செவ்வாய்

பத்து நாளாக மேலே சாப்பிடப் போகவில்லை. இன்று மனசு கேட்காமல் போனேன். ஞானசெல்வி தலைக்கு மேலே இருந்த ஃபேனை நிறுத்திவிட்டு, சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வெயிலில்! கோபம் இருந்தாலும் திட்டத்தை மதிக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகம்தான் வீங்கின மாதிரி இருந்தது. மாத்திரை போடு என்றேன். போட்டுக்கிட்டுதான் இருக்கேன் என்றாள்.

மே 13, செவ்வாய்

ஞானசெல்வி படிக்கட்டில் விழுந்துவிட்டாள். முதல் மாடித் திருப்பத்தில். கீழே வந்துகொண்டிருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, பேச்சு குழறியது. நானும் முப்பிடாதியும் தூக்கினோம். 108 வந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் வண்டியில் போனேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னாள், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

மே 14, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். சிறுநீர்த் தொற்று முற்றி, கிட்னிக்கு ஏறி, ரத்தத்தில் கலந்துவிட்டதாம். சர்க்கரை உள்ள உடம்பு, தாங்கவில்லை. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

டாக்டர் சின்னப் பெண். என்னையும் ஞானசெல்வியின் மகள் பிரின்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மா நாள் பூராவும் தண்ணி குடிக்காமல், அடக்கியடக்கி வைத்திருந்த மாதிரி இருக்கிறது, வேலை பார்க்கிற இடத்தில் பாத்ரூம் வசதி இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

இருக்கிறது என்றுதான் சொன்னேன். பொய் இல்லையே. பிரின்சி திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே வந்தபின் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா காலைல காப்பி குடிக்கத விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, பெரியம்மா. ஆபீஸ்ல கஷ்டமா இருக்குன்னு சொல்லும். உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். சொல்லிட்டேன்னு சொல்லிச்சு."

மே 15, வியாழன்

அலுவலகம் போனேன். கட்டை ஆணியில் தொங்குகிறது. காலை முதல் சாயங்காலம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்திகூட வரவில்லை. நானும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு.

மே 16, வெள்ளி

பெண்களையெல்லாம் பதிவறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களுடைய கண்காணிப்பாளர், அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? கடைசியில் இசக்கிபிரியாதான் பேசினாள்.

"காலைல எந்திரிச்சதுல இருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம் மேடம். அவ்ளோதான்."

பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். தபால் பிரிவில் ஒருத்தி இரண்டு தடவை தொற்றுக்கு ஊசி போட்டிருக்கிறாள். இன்னொருத்தி மத்தியானம் ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போய்வருகிறாள். இசக்கிபிரியாவின் அரை நாள் விடுப்பு எதற்கென்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நானும் பெண்தானே, எனக்கு ஏன் அது அன்றைக்கே தெரியவில்லை?

என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அத்தன ஆம்பளையாளுங்க முன்னால அந்தக் கட்டையத் தூக்கிட்டு நடக்கணும் மேடம்," என்றாள் இசக்கிபிரியா. "அன்னைக்கு நீங்களும்தான சிரிச்சீங்க."

நான் குறைத்த தண்ணீர் எங்கேயிருந்து குறைந்தது என்று இப்போது தெரிகிறது. தொட்டியிலிருந்து இல்லை. இவர்கள் தொண்டையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். அதை அறிக்கையில் சாதனை என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். சீ.

மே 19, திங்கள்

நேற்று ஞானசெல்வி கண் திறந்தாளாம். பிரின்சி போனில் சொன்னாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். அம்மா தூங்குது பெரியம்மா என்றாள்.

காலையிலேயே கடைத்தெரு பிளம்பரைக் கூட்டிவந்தேன். மேல் மாடித் தொட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாஷர் போயிருக்கிறது என்றான். வாஷர். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். இப்போது சொட்டு நின்றுவிட்டது. இரண்டு வருஷம் மதிப்பீட்டுக்குக் காத்திருந்தோம், பிறகு பூட்டினோம், இதற்காக.

பூட்டுகளைக் கழற்றி சுடலைமுத்துவிடம் கொடுத்தேன். சார் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், மோசமில்லை. ஞானசெல்விக்காக ரொம்ப வருத்தப்பட்டார். அப்புறம் சொன்னார்: "ஜூன் அஞ்சுக்கு ரெண்டு வாரந்தான் மேடம் இருக்கு. அதுவரைக்கும் மாடிய மட்டும் பூட்டி வச்சா என்ன?"

நான் சொல்ல நினைத்தது என்னென்னவோ. சொன்னது, "தொறந்தாச்சு சார்."

கட்டையை எரித்துவிடச் சொன்னேன் சுடலைமுத்துவிடம். புகை வரும், பசுமைத் திட்டத்தில் கூடாதே என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

மே 25, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு கிட்னி பாதிக்குமேல் கெட்டுவிட்டது, ஆயுசுக்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மன்னிச்சிருட்டி என்றேன். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"உன்கிட்ட கேக்க எனக்கு என்ன வெக்கம், செண்பகம்? கேட்டேம்லா," என்றாள். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 5, வியாழன்

கேடயம் எங்களுக்குத்தான்.

கடைசி இரண்டு வாரம் தண்ணீர்ச் செலவு கூடியும்கூட எங்கள் கணக்குத்தான் மாவட்டத்தில் குறைவு. கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில் விழா. துணிப் பேனர், பாக்குமட்டைத் தட்டு எல்லாம் அவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தண்ணீரை எப்படிக் குறைத்தீர்கள், மற்ற அலுவலகங்களுக்கும் சொல்லுங்கள் என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். காலையிலிருந்து நான் மனசுக்குள் ஒரு வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். மைக்கைப் பிடித்ததும் வாயில் வந்தது வேறு. எல்லாப் பணியாளர்களின் ஒத்துழைப்பு என்றேன். உயரதிகாரிகளின் வழிகாட்டுதல் என்றேன். நன்றி வணக்கம் என்றேன். கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இசக்கிபிரியா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரிசாகக் கொடுத்த செடியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் இவர், கேடயத்தைப் பார்க்க வேண்டுமே, எங்கே என்று ஆசையாகக் கேட்டார். ஆபீசில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். கோழை. இவ்வளவு வயசாகியும் கோழை.

ஜூன் 30, திங்கள்

இந்த மாதம் தண்ணீர் செலவு எகிறியிருக்கிறது, கேடயம் வாங்கிய அலுவலகத்தில் இப்படி ஏன் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்திருக்கிறது. சார் கோப்பை என்னிடம் தள்ளி, கோடை, பொதுமக்கள் வருகை என்று ஏதாவது போடுங்கள் என்றார்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எழுதியது மூன்று வரிதான். 'மார்ச் முதல் மே வரை பெண் பணியாளர்களின் கழிவறைகள் என்னால் பூட்டப்பட்டிருந்தன. அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். இப்போது குடிக்கிறார்கள்.' கீழே கையெழுத்துப் போட்டேன். சார் படித்தார், மூடினார், மறுபடி திறந்து படித்தார். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் இது தேவையா மேடம், பென்ஷன் வரைக்கும் இழுக்கும் என்றார். மைக்கில் சொல்ல முடியாததைக் காகிதத்திலாவது சொல்லிக்கொள்கிறேன் சார் என்றேன். அனுப்பிவிட்டார். என்ன வருகிறதோ வரட்டும்.

ஜூலை 7, திங்கள்

ஞானசெல்வி இன்று வேலைக்கு வந்தாள். மெலிந்து போயிருக்கிறாள், கழுத்து எலும்பு தெரிகிறது. சீட்டைக் கீழே மாற்றித்தரச் சொன்னேன் சாரிடம். அவள் வேண்டாம் என்றுவிட்டாளாம். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது, இங்கேயும் நல்ல காற்று. காலையிலேயே மேலே போக வேண்டும் என்று இருந்தது. தைரியம் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவையும் மோரையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். எதிரே உட்கார்ந்தேன். எழுந்துபோகச் சொல்லவில்லை அவள். இரண்டு டம்ளரில் மோரை ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். மேஜையில் அந்த ஸ்டீல் பாட்டில். தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை, மூடியே திறக்கவில்லை என்று தெரிந்தது.

"கதவு தொறந்திருக்கா?" என்று கேட்டாள்.

"தொறந்துதான் இருக்கு. மே மாசத்துல இருந்து."

"போய்ப் பாத்துட்டு வா."

எழுந்தேன். இரண்டாம் மாடிக் கழிவறை வராந்தாவின் கடைசியில். தணிக்கைப் பிரிவைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஐந்தாறு ஆண்கள் மேஜையைச் சேர்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து தனபாலும் வந்திருந்தார். நான் போனதும் பேச்சு நின்றது. எங்கே போகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். பார்வை முதுகிலேயே வந்தது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். கையில் கட்டைகூட இல்லை, இருந்தும் கால் பின்னியது. இத்தனை நாளும் எனக்கு இது தெரியாது. என் ஆணி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். திரும்ப அதே வழியாக நடந்து வந்தேன்.

"தொறந்திருக்கு. தண்ணி வருது. தாப்பாளும் சரியா விழுது."

அவள் டம்ளரை எடுத்தாள். பாதி குடித்துவிட்டு நிறுத்தினாள்.

"நாளைக்கும் போய்ப் பாப்பியா?"

"பாப்பேன்."

மீதியையும் குடித்தாள்.